அழுத அத்தானும் அடங்காத அக்காவும்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்தேன். வேறு யாருமில்லை — என் அத்தான். அக்காவின் கணவர்.

ராஜபாளையத்தில் அத்தானின் புல்லட் சத்தம் கேட்டாலே தெருப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி நடிப்பார்கள். வீட்டில் அக்காவும் அப்படித்தான். மார்க்கெட்டுக்குப் போகக்கூட அனுமதி கேட்பாள். 'சரிங்க' தவிர அவளுக்கு வேறு வார்த்தை தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

விஷயம் இதுதான். அக்கா மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு பேங்க் வேலை. புரமோஷன் கொடுத்து மதுரைக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் பஸ்ஸில் போய்வந்தால் வீட்டை யார் பார்ப்பது? வேலையை விடு, இல்லையென்றால் அம்மா வீட்டுக்குப் போ என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அவளும் பெட்டியோடு வந்துவிட்டாள்.

அக்காவும் அத்தானும் மகளையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசித் தீர்க்கப் போனார்கள். நானும் போனேன். எதற்கு? அத்தான் கை ஓங்கினால் பிடிக்கத்தான்!

அத்தான் தொண்டையைச் செருமினார். "எம்புள்ள..." என்றார். அவ்வளவுதான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்ப ஆரம்பித்துவிட்டார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"மாப்பிள, எனக்கும் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. இந்தா அழுதுக்கிட்டு இருக்காவளே, இவியதான் கிழிச்சுப் போட்டாவ. அன்னைக்கு வாய மூடிக்கிட்டேன். எம்மவளுக்கும் அதே கதின்னா மூட மாட்டேன். அவ வேலைக்குப் போவா. சம்மதமா இல்லையா, இப்பமே சொல்லுங்க."

ஆர்டர் கதையை நானே அன்றுதான் கேள்விப்படுகிறேன். துண்டுக்குள் தேம்பல் இன்னும் கூடியது.

மாப்பிள்ளை ஆதரவு தேடித் தன் அம்மாவைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"என்னை ஏம்ல பாக்க? ஒங்கப்பா இந்த வயசுல காலையில இட்லி ஊத்துதாவ. நீ ஊத்துனா கை தேஞ்சிருமா?" என்றார் சம்பந்தியம்மாள்.

அந்த அப்பா, ஒரு காலத்தில் ஆபீஸையே நடுங்க வைத்த அதிகாரி, காபித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தார். "சட்னியும் நாந்தான்" என்றார், பணிவாக.

மாப்பிள்ளை எழுந்து அப்பாவின் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தார். பிறகு மனைவியிடம், "நான் சொன்னது தப்புதான்" என்றார்.

"ஒரு மாசம் பாப்பேன்" என்றாள் அக்கா மகள். அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அம்மாவுக்கு அந்தக் குரல் வர அறுபது ஆக வேண்டியிருந்தது!

அவளை அங்கே விட்டுவிட்டு ராஜபாளையம் திரும்பினோம். காரில் அத்தான் மெதுவாகச் சொன்னார்: "அந்த ஆர்டரை நான் கிழிச்சிருக்கக் கூடாது."

"ஆமா, கூடாது" என்றாள் அக்கா. சமாதானம் எல்லாம் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து காற்று வாங்கினாள்.

வயதானால் ஆண்கள் இளகிவிடுகிறார்கள், பெண்கள் நிமிர்ந்துவிடுகிறார்கள். காரணம் ஹார்மோனா? யூனிஃபார்மைக் கழற்றியதாலா? தெரியாது. ஆனால் அக்கா மாறிவிட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குரல் எப்போதும் உள்ளே இருந்திருக்கும்... நாங்கள்தான் சத்தமாக இருந்திருக்கிறோம்.

இந்தத் தத்துவத்தை வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அத்தானுக்கு அறுபத்தேழு. ஒங்களுக்கு அம்பத்தெட்டு. அப்ப நான் இன்னும் ஒம்பது வருசம் பொறுக்கணுமாக்கும்?"