கூப்பாட்டுச் சங்கீதத்தில் நான் சேர்த்த நாலு வரி

அம்மா எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. நினைவு மலர் போட்டால் நல்லதை மட்டும் எழுது என்கிறார்கள் உறவினர்கள். அம்மாவைப் பற்றி நல்லது தவிர எழுத எதுவும் இல்லை. என்னைப் பற்றித்தான் ஒன்று சொல்லியாக வேண்டும்.

நாகலாபுரத்தில் பிறந்து, கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள் அம்மா. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இரண்டு வருஷம் மழை பொய்த்து, பருத்தி காய் பிடிக்காமலே கருகியபோது அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார்கள். இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. அந்தக் கோடையிலேயே தம்பியை வாந்திபேதி கொண்டுபோயிற்று. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கித்தான் என்னை வாத்திச்சி ஆக்கினார்கள். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், "தபால் உண்டாட்டி?" என்பதுதான் முதல் கேள்வி.

தம்பியை அடக்கம் செய்த மறுநாள், "வேதத்த எடுத்துத் தொறந்த எடத்துல வாசிட்டி" என்றார்கள். எனக்குப் பதினோரு வயது. பைபிளில் திறந்தது எண்பத்தெட்டாம் சங்கீதம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கதறல்தான். அறிந்தவர்களெல்லாம் அகன்றுபோனார்கள் என்ற புலம்பலோடு அப்படியே நின்றுவிடுகிறது. கர்த்தர் பதில் சொல்வதில்லை. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. விடிந்தது, கண்ணீர் துடைக்கப்பட்டது, பாடினேன் என்று நாலு வரியை நானாகச் சேர்த்து, வேத நடையிலேயே வாசித்துவிட்டேன்.

அன்றுமுதல் மனம் ஒடியும்போதெல்லாம், "அந்தக் கூப்பாட்டுச் சங்கீதத்த வாசி" என்பார்கள். என் நாலு வரியும் கூடவே போகும். முடித்ததும் பெருமூச்சு விட்டு, "அதப் பாடுன பக்தருக்கு விடிஞ்சிட்டுல்லா. எனக்குத்தான் விடியல. எனக்கு விசுவாசம் பத்தாதுபோல" என்பார்கள். பாவி நான் அதைக் கேட்டுக்கொண்டே புத்தகத்தை மூடி வைத்தேன். பதினாலு வருஷம் இப்படி.

போன வருஷம் அம்மா படுக்கையில் விழுந்தார்கள். பார்க்க வந்த சபை உபதேசியார் மனைவியிடம் அதே சங்கீதத்தைக் கேட்டார்கள். அவர் வாசித்து நிறுத்தினார்.

"பாக்கியையும் வாசிங்க."

"அவ்வளவுதான்க்கா. இதுக்கு மேல இல்ல."

"விடிஞ்சது வருமே?"

"இந்தச் சங்கீதத்துல அப்படி ஒண்ணும் இல்லியே, அக்கா."

அம்மா என் பக்கம் திரும்பினார்கள். கஞ்சிச் செம்போடு நின்றிருந்தேன். செம்பைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடிப்பாவி. நான் மட்டுந்தான் ஆண்டவருக்கு வேண்டாதவளுன்னு இத்தன வருசம் கெடந்தேனேட்டி."

புத்தகத்தை என் கையில் கொடுக்கச் சொன்னார்கள். பிறகு, "நீயே வாசி. ஒண்ணுஞ் சேக்காம வாசி" என்றார்கள். வாசித்தேன். தம்பி போனபோதுகூட வாய்விட்டு அழாத அம்மா அன்று அழுதார்கள். "அந்தப் பக்தரும் என்னமாதிரிதான் கெடந்திருக்காரு. அந்தக் கூப்பாட்டையும் ஆண்டவரு வேதத்துல வச்சிருக்காரு பாத்தியா" என்றார்கள். புத்தகத்தைக் கேட்டு வாங்கி மார்பில் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்கள். என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கஞ்சி கொண்டுவந்த அடுத்த வீட்டு ராவுத்தர் வீட்டம்மா, டாக்டருக்கு வண்டி கட்டிய சித்தப்பா, விடுப்பு எடுத்துவந்து உடன் இருந்த தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், உபதேசியார் குடும்பம் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. நினைவு ஆராதனையில் அந்தச் சங்கீதத்தை நான்தான் வாசிக்கப்போகிறேன்.

மலரின் கடைசிப் பக்கம் காலியாக இருக்கிறதே, ஆறுதலாக நாலு வரி போடட்டுமா என்று அச்சகத்தார் கேட்டார். வேண்டாம், அம்மா ஒன்றும் சேர்க்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.