ஆறு கண் சிலந்திக்கு வைத்த பெயர்

என் பெயரில் ஒரு சிலந்தி இருக்கிறது. உடம்பு ஒரு கடுகு அளவுகூட வராது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களிடம் எல்லாம் சிரித்துத் தொலைத்தேன். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. "பேரு வெச்சிருக்காங்க, அதுக்குப் போயி கோவப்படறீங்களே" என்று கேட்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்க்கிறேன். ஆர்டர் கொடுக்கும் பார்ட்டி அனுப்பும் துணித்துண்டின் நிறமும் நாங்கள் போட்ட சாயமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். படித்தது என்னவோ விலங்கியல். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணம் செய்து அவிநாசிபாளையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி மட்டும் மேலே படித்தாள். இன்றைக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பேராசிரியை. சிலந்திகளை இனம் பிரிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. எனக்கும் சிலந்தி என்றால் பைத்தியம். ஒரே தட்டில் தின்று, ஒருத்தி சுடிதாரை இன்னொருத்தி போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். அவள் கல்லூரியில் சம்பளத்துக்குச் செய்ததை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிலந்தி என்றதும் வலை கட்டி நடுவில் உட்கார்ந்திருப்பதை நினைக்க வேண்டாம். நான் சொல்வது மக்கிய இலைக்கு அடியிலும் பாறைக் குடைவுகளின் இருட்டிலும் ஓடித் திரியும் பொடிச் சாதி. சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண். இவற்றுக்கு ஆறு. இருட்டிலேயே கிடக்கும் சில இனங்களுக்கு அந்த ஆறும் மங்கி, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும். வெறும் கண்ணுக்கு எல்லாமே ஒரே ஆரஞ்சு நிறம். நிறத்தை வைத்துச் சோறு தின்கிறவள் நான். இந்தச் சிலந்திகளிடம் நிறத்தை நம்பினால் கெட்டோம். எந்த இனம் என்று சொல்வது ஆண் சிலந்தியின் பால்ப். வாயின் இரண்டு பக்கமும் சின்னக் கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனி ஒவ்வொரு இனத்திலும் ஒவ்வொரு விதமாக வளைந்திருக்கும். பூட்டுக்கு ஏற்ற சாவி போல. பெண் மட்டும் கிடைத்தால் 'இது ஏதோ புதுசு மாதிரி இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எழுத முடியாது.

எங்கள் பெரிய மாமாவுக்குக் கொமரலிங்கத்தில் அமராவதி ஆற்றை ஒட்டித் தென்னந்தோப்பு. தோப்புக்குப் பின்னால் கரடு என்று சொல்லும் மொட்டைக் குன்று, அதில் ஒரு பாறைக் குடைவு. மழைக்கு ஆடு மேய்ப்பவர்கள் ஒதுங்குவார்கள். குடைவின் வாயில் காற்று கொண்டுவந்து தள்ளிய சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். விளையாட்டுப் பனியன் தைக்கிற வலைத்துணியில் பழுது என்று ஒதுக்கியதை வாங்கி, எங்கள் பட்டறையில் துணி செக்கிங்கில் இருக்கும் திருநெல்வேலி அக்காவிடம் கொடுத்துப் பை தைத்து வைத்திருந்தேன். அதில் சருகைப் போட்டு உலுக்கினால் பொடி எல்லாம் கீழே விழும். கீழே விரிப்பது சாயம் ஏறாத வெள்ளைப் பனியன் துணி. அதன்மேல் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று ஓடினால் பிடித்து ஸ்பிரிட் குப்பியில் போட வேண்டும். வீட்டுக்காரர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். "ஏம்புள்ள, ஊட்டுச் சந்துல இல்லாத சிலந்தியா இங்க வந்து தேடற" என்று கேட்பார். கேட்டாலும் ஒரு ஞாயிறு தவறாமல் கூட்டிக்கொண்டு போனார்.

குடைவில் எனக்குக் கிடைத்தவை எல்லாம் பெண்கள். கண்கள் மங்கி, வயிற்றின்மேல் ஓடு மாதிரி கெட்டியான தகடோடு இருந்தன. என்னிடம் இருந்த எந்த விவரிப்போடும் ஒத்துப்போகவில்லை. மாதிரிகளைத் தோழிக்கு அனுப்பினேன். அவளுக்கும் பிடிபடவில்லை.

"புதுசுதான் புள்ள. ஆனா ஆம்பள இல்லாம ஒண்ணும் கிழிக்க முடியாது" என்றாள் போனில்.

"ஊர்ல எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்றாங்க, சிலந்திக்குமா" என்றேன். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது அதிகமாக வலிக்கிறது.

ஆண் கிடைக்கப் பல மழைக்காலம் ஆயிற்று. பட்டறையில் துணியில் ஊசிக்கோடு என்கிற பின்னல் பழுதைப் பார்க்க ஒரு மைக்ராஸ்கோப் உண்டு. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபின் ஞாயிற்றுக்கிழமை பிடித்ததை அதில் பார்ப்பேன். ஒருநாள் அப்படிப் பார்த்தபோது ஒன்றின் பால்ப் உருண்டு வீங்கியிருந்தது. நுனியில் கொக்கி போல ஒரு வளைவு, அதற்கு உள்ளே இன்னொரு முள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அவளுக்குப் போன் போட்டேன். வகுப்பை விட்டு வெளியே வந்து பேசினாள்.

"நெசமாவா புள்ள" என்றவள் அழுதேவிட்டாள். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதறோம். உம்பேருதான் மொதல்ல. நீ புடிச்சது, நீ வரைஞ்சது. நான் பின்னால நின்னுக்கறேன்."

ஒரு புது இனத்தை எழுதி அச்சில் கொண்டுவருவது எங்களைப் போன்றவர்களுக்கு என்ன என்று எப்படிச் சொல்வது? விவரித்தவர் பெயர் அந்த இனத்தோடு நின்றுவிடும். யாரும் மாற்ற முடியாது. கல்யாணத்தோடு படிப்பு முடிந்தது என்று ஊரே தீர்மானித்த ஒருத்திக்கு, இல்லை, முடியவில்லை என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான். எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

பல மத்தியானங்கள் உட்கார்ந்து அந்தப் பால்ப்பை வரைந்தேன். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில். பிறகு கோயம்புத்தூர் பஸ் ஏறி, குப்பியையும் படங்களையும் அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் கல்லூரியில் கேமரா வைத்த நல்ல மைக்ராஸ்கோப் இருந்தது. என்னிடம் இருந்த ஒரே ஆண் அது. கொடுக்கலாமா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கூடப் பிறந்தவளிடம் குழந்தையைக் கொடுக்க யோசிப்போமா? அவள் எனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்து வைத்திருந்தாள். சாப்பிடும்போது பெயரைப் பற்றிப் பேச்சு வந்தது.

"ஆத்துப் பேரு வைக்கலாமா? அமராவதி" என்றேன்.

"பார்க்கலாம் புள்ள. உனக்குப் புடிச்ச மாதிரியே வைக்கலாம்" என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் "ஆயிட்டிருக்குது" என்றாள். பரீட்சை வேலை என்றாள், துறைத் தலைவர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார் என்றாள். நானும் நம்பினேன். ஒரு காலையில் போனில் செய்தி வந்தது: 'உனக்கு ஒரு பரிசு.' கூடவே கட்டுரை. திறந்ததும் சிலந்தியின் பெயர்தான் கண்ணில் பட்டது. என் பெயர். லத்தீன் வால் ஒட்டிய என் பெயர். பட்டறை வேன் அவிநாசிபாளையம் தாண்டி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆமாம், சந்தோஷப்பட்டேன். லேபுக்கு வந்து சேர்கிற வரைக்கும் சந்தோஷமாகவே இருந்தேன் என்பதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

லேபில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். எழுதியவர்கள்: அவளும் அவள் துறைத் தலைவரும். அவ்வளவுதான். உள்ளே என் படங்கள், நான் போட்ட கோடுகள். கடைசியில் பெயர்க் காரணம். மாதிரிகளைச் சேகரித்துத் தந்த உள்ளூர் ஆர்வலரைப் பெருமைப்படுத்தும் வகையில் இந்தப் பெயர் என்று இருந்தது. உள்ளூர் ஆர்வலர். எம்.எஸ்ஸி.யில் அவளைவிட நான் ஒரு மார்க்காவது கூட வாங்கியிருப்பேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. சட்டமாக யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் தன் பெயரைத் தானே ஒரு உயிருக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்தால் ஊர் சிரிக்கும். சிலந்தியில் என் பெயர் ஏறிவிட்டது என்றால், எழுதியவர் வரிசையில் என் பெயர் வர முடியாது. வராததற்கு யாரும் காரணமும் கேட்க மாட்டார்கள். 'அந்த அம்மா பேரைத்தானே வெச்சிருக்காங்க' என்று போய்விடுவார்கள். இதைவிட மரியாதையாக ஒருத்தியை வெளியே தள்ள முடியுமா?

பட்டறையில் அதற்குள் சேதி பரவிவிட்டது. மேனேஜர் லட்டு வாங்கிவரச் சொல்லிவிட்டார்.

"மேடம், உங்க பேர்ல ஒரு பூச்சி வந்திருக்குதாமுங்க."

"பூச்சி இல்லீங்க, சிலந்தி. பூச்சிக்கு ஆறு காலு" என்று கடுகடுத்தேன். பாவம், அவர் என்ன செய்தார்? லட்டை எடுத்துக்கொண்டேன். மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன்.

அந்த வாரமே அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் கட்டிப்பிடிக்க வந்தாள். நான் அவள் கையை எடுத்துவிட்டேன்.

"எம்பேரு ஏன் இல்ல?"

"பேரே உன்னுதுதானே புள்ள."

"எழுதுனவங்கள்ல ஏன் இல்லன்னு கேட்டேன்."

சோபாவில் உட்கார்ந்தாள். "தலைவர் ஒத்துக்கல. சாயப்பட்டறையில இருக்கறவங்க பேரைப் போட்டா காலேஜ்ல கேப்பாங்கன்னாரு. அவரு பேரு இல்லாம கட்டுரை வெளிய போகாது. எனக்கு அடுத்த வருஷம் பதவி உயர்வு இருக்குது. நான் என்ன பண்றது சொல்லு? அதான் உன்னை விட்டறக் கூடாதுன்னு உம்பேரையே வெச்சேன். நாம செத்தாலும் அது இருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருப்ப."

"அப்ப தெரிஞ்சுதான் பண்ணுன."

சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது. எனக்காகத்தான் ஏதோ வைத்திருந்தாள். "என்னைய சாமியாக்கி மேடையில உட்கார வெச்சுட்டு, ஊட்டை நீ எடுத்துக்கிட்ட" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாப்பிடாமல் அவள் வீட்டை விட்டு நான் வந்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். திருடியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அன்பாகச் செய்தேன் என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கொஞ்ச காலம் கொமரலிங்கம் பக்கமே போகவில்லை. வீட்டுக்காரர்தான் ஒருநாள் வண்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "அவ மேல கோவம்னா அவகிட்டக் காட்டு. சிலந்தி என்ன பண்ணுச்சு" என்றார். போனோம். சருகை உலுக்கினேன். வெள்ளைத் துணியில் ஓடிய ஒன்று ஆண்.

மறுநாள் மத்தியானம் லேபில் வைத்துப் பார்த்தேன். வேறு இனமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். அதே கொக்கி, அதே முள். திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். மாற்றமில்லை.

குப்பிக்குள் துண்டுச்சீட்டு போட வேண்டும். இனத்தின் பெயர், அதை ஒட்டி அதை விவரித்தவர்களின் பெயர், கீழே இனம் கண்டவர் பெயர். உலகம் முழுக்க இதுதான் முறை. என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதாமல் விடலாம். 'புது இனமோ' என்று எழுதி வைக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அது அந்த இனம்தான். வேறு பெயர் எழுதினால் பொய். சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. முதலில் சிலந்தியின் பெயராக என் பெயரை எழுதினேன். அதை ஒட்டி, விவரித்தவர் வரிசையில் முதல் ஆளாக, என் கையாலேயே, அவள் பெயரை எழுதினேன்.