மலையோரத்து வட்டம்

எங்கள் நிலநடுக்க ஆய்வு அலுவலகத்தில் அவருக்கு ‘வட்டம்’ என்று பேர். நிலநடுக்கத்துக்கு முன்பும் பின்பும் செயற்கைக்கோள் ரேடாரால் தரையை அளக்கும். இரண்டையும் ஒப்பிட்டால், தரை ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் வண்ண வட்டங்கள் விழும். அந்த வட்டத்தைத் தேடுவதுதான் அவர் பிழைப்பு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்ப்பார். சாயங்காலம் நான்தான் மூடி வைக்க வேண்டும். நல்ல மனுஷர். “பொறுங்க, சரிபாத்துட்டுச் சொல்றேன்” என்றே எங்கள் உயிரை எடுப்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு தடவை பொறுக்கவில்லை.

அவர் தங்கை இருந்த பக்கம் சின்னச் சின்ன நடுக்கங்கள். ஆழமில்லாதவை, அதனால் சின்னதாக வந்தாலே சுவரைப் பிளந்துவிடும். எங்கள் நிலநடுக்கமானிகளோ எங்கேயோ தூரத்தில் இருந்தன. அவை காட்டும் இடம் பல கிலோமீட்டர் தள்ளிப் போகலாம். வீடு இடியுமோ என்று பயந்து தங்கையின் தெருவே மைதானத்தில் படுத்துக் கிடந்தது. தங்கை ஓயாமல் போன் செய்தாள்.

“அண்ணே, குழந்தைக்கு இருமல் நிக்கவே இல்ல. வீட்டுக்குள்ள போலாமா? ஒரு வார்த்தை சொல்லேன்.”

முதல் படம் வந்தது. வட்டம் மலையோரத்தில், தங்கை வீட்டுக்கு வெகுதூரத்தில் இருந்தது. ஆனால் ஈரக்காற்றும் ரேடாரை ஏமாற்றி வட்டம் போட்டுக் காட்டும், அதுவும் மலையோரம் என்றால் கேட்கவே வேண்டாம். செயற்கைக்கோள் மறுபடி வந்து, இன்னொரு படத்திலும் வட்டம் அங்கேயே இருந்தால்தான் நம்ப வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான்.

“அடுத்த படம் வரட்டுமே” என்றேன்.

“வெளியில படுத்திருக்கிறது உங்க தங்கச்சியா?” என்று எரிந்து விழுந்தார். எனக்கென்ன வந்தது என்று என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

“மலைப்பக்கம்தாம்மா. பயப்படாம உள்ள போங்க” என்று போனில் சொன்னார்.

போனார்கள். மறுநாள் வந்த நடுக்கத்தில் அடுக்களைச் சுவர் இடிந்து தங்கை புருஷனின் காலில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அடுத்த படம் வந்தது. மலையோரத்தில் ஒன்றுமே இல்லை. வட்டம் தங்கையின் தெருவில் இருந்தது.

அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். வராந்தாவிலேயே தங்கை எதிரே வந்தாள்.

“மழை வந்துச்சு, அதான் உள்ள போனோம்னு அத்தைகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ வாயத் திறக்காத அண்ணே. உன்ன யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது.”

இவர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தகவல் கேட்டு வெளியூரிலிருந்து ஓடிவந்த தங்கையின் மாமியார், கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

“வாங்க தம்பி. உங்க தங்கச்சி பண்ணின காரியத்தப் பாத்தீங்களா? நாலு தூறலுக்குப் பயந்து எம்புள்ளைய உள்ள இழுத்துட்டுப் போயிருக்கா. அறிவு வேண்டாம்? இதுக்கெல்லாம் படிச்சவரு நீங்க, நீங்களாவது கேளுங்க.”

தங்கை தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாள். அவளை நிமிர்ந்து பார்க்க இவருக்கு முகமில்லை. அவமானத்தில் காது மடல்வரை சிவந்து போயிருந்தார்.

“அவளத் திட்டாதீங்க அத்தை. உள்ள போகச் சொன்னது நான்தான்.”

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. “ஆபத்தில்லன்னு தெரிஞ்சுதானே தம்பி சொல்லியிருப்பீங்க?”

“தெரியாது அத்தை. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்.”