பம்பரைப் பார்த்தோம், கழுத்தைப் பார்த்தோமா?

போன மாதம் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டி பழனிசாமியுடையது. கரடியூர்க்காரர். பல வருடமாக எனக்கு அவர்தான் டாக்ஸி. கொண்டை ஊசி வளைவில், ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றோம். பின்னால் வந்த டூரிஸ்ட் கார் நிற்கவில்லை... டமார்.

எல்லோரும் இறங்கி பம்பரைக் குனிந்து பார்த்தார்கள். தடவினார்கள், தட்டினார்கள். "ஒண்ணும் ஆகலீங்க அக்கா, சின்னக் கோடுதான்" என்றார் பழனிசாமி. அவர் கழுத்தை யாராவது பார்த்தோமா? ரத்தம் வந்தால்தானே நமக்கு அது அடி.

மறுநாள் காலை போன் செய்தேன். அவர் மனைவி ஈஸ்வரி எடுத்தார்.

"ஏனுங்க அக்கா, இவரு கழுத்து கட்டையாட்டம் நிக்குதுங்க. கூப்பிட்டா ஒடம்போட திரும்பறாரு. மாரமங்கலத்துல சுளுக்கு எடுக்கறவரு ஒருத்தரு இருக்காரு. ஒரே சொடக்குல சரியாப் போயிருமாம். கெளம்பீட்டோமுங்க."

எனக்கு எரிச்சல். தூக்கத்தில் பிடித்த சுளுக்கும், கார் மோதி வந்த வலியும் ஒன்றா? போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, கை மரத்துப்போகிறதா என்று கேட்டேன்.

மனைவிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "ரெண்டு விரலு குறுகுறுங்குதுங்க. ஊட்ல சொல்லலீங்க" என்றார்.

நிஜமாகவே பயந்துவிட்டேன். கழுத்தை ஆட்டாமல் படுக்கச் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நானும் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா விளக்கினார். எலும்பு முறியவில்லை. மோதிய வேகத்தில் தலை வெடுக்கென்று பின்னால் போய் முன்னால் வந்ததில் தசையும் ஜவ்வும் இழுபட்டிருக்கின்றன, ஒரு நரம்பும் லேசாக அழுந்தியிருக்கிறது. வலி மறுநாள் தலைகாட்டுவது சகஜம். மாத்திரை, சில நாள் ஓய்வு, அப்புறம் அவர்கள் சொல்லித்தரும்படி மெதுவாகக் கழுத்தைத் திருப்பும் பயிற்சி. கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரியவும் கூடாது. "இந்தக் கழுத்தைச் சொடுக்கியிருந்தா கையே விளங்காமப் போயிருக்கலாம்" என்றார். ஈஸ்வரி அழுதுவிட்டார்.

பழனிசாமிக்குக் கவலை வேறு. "மறுபடி மலையில வண்டி ஓட்டுவனுங்களா?"

நியாயமான கேள்விதான். கழுத்து திரும்பாதவர் கொண்டை ஊசி வளைவில் எதைப் பார்த்து ஓட்டுவது?

"ஓட்டலாம், கொஞ்ச நாள் ஆகும். உங்க சீட்ல தலைக்குப் பின்னாடி ஹெட்ரெஸ்ட் இருக்கா?" என்று மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார் டாக்டரம்மா.

"இருக்குதுங்க. பின்னால உக்கார்றவங்களுக்கு வியூ மறைக்குதுன்னு கழட்டி டிக்கில போட்டு வெச்சிருக்கறனுங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "அது சாஞ்சு தூங்கறதுக்கு இல்லீங்க. தலை பின்னால போகாமப் பிடிக்கறதுக்கு. மாட்டி, உச்சந்தலை உயரத்துக்கு ஏத்தி வைங்க."

சென்ற வாரம் மறுபடி அவர் வண்டியில் ஏறினேன். உடன் வந்த என் சிநேகிதி பின் சீட்டிலிருந்து, முன்னால் ஒன்றுமே தெரியவில்லை என்று முணுமுணுத்தாள். பழனிசாமி கழுத்தை நன்றாகத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"வியூ பாயிண்ட்ல எறக்கி உடறனுங்க, நின்னு பாருங்க. அங்க கொண்டுபோய்ச் சேர்க்க எனக்குக் கழுத்து வேணுமுங்களே."