மலைவீட்டு அடுப்புக்கு ஒரு சட்டம்

விறகுப்புகையும் தைல இலையும் கலந்த ஒரு வாசனை, அதுவும் பழைய செய்தித்தாளிலிருந்து. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த எங்கள் வீட்டில், மீனும் மண்ணெண்ணெயும் வெல்டிங் புகையும் தவிர வேறொன்றும் அறியாத என் மூக்குக்கு, எட்டு வயதில் ஒரு மே மாதப் பகலில் அது வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் லாரி ஓட்டும் அந்தோணி மாமா. அவர் சரக்கு ஏற்றிப்போகும் மலையூரில், ஓர் அம்மாளின் வீட்டுக் கூடத்துச் சுவரில், குளிர்காய்வதற்கென்று கல்லால் கட்டிய கணப்பு இருந்ததாம். வளைந்த அந்தப் பழைய பொந்துக்குள் புதிதாக ஓர் இரும்பு விறகடுப்பைச் செருகியிருந்தார்கள். அடுப்புக்கும் கல்லுக்கும் நடுவே பல்லிளித்த இடைவெளியை மறைக்க, மேலேயும் இரு பக்கமும் சுற்றிவரும் ஒரு தகட்டுச் சட்டம் வேண்டும். அதற்காகச் செய்தித்தாள்களை ஒட்டி, அந்த இடத்திலேயே வைத்து வெட்டி, அச்சாக அனுப்பியிருந்தார் அந்த அம்மாள்.

"வூட்டு ஹால்ல நெருப்பா? இங்க வெறுந்தரையிலயே தோசை சுடலாம்," என்று அம்மா சிரித்தாள்.

சிரிப்பு அதோடு நின்றது. என் அப்பாவை நான் "நைனா" என்றுதான் கூப்பிடுவேன். அவர் கப்பல் ரிப்பேர் கம்பெனி வேலையை விட்டு, வாசலிலேயே சொந்தப் பட்டறை போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. அவருடைய கம்பெனிக் காக்கிச் சட்டையை அம்மா வாராவாரம் துவைத்து, இஸ்திரி போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி ஆணியில் மாட்டிவைப்பாள். அன்றைக்கு அதைக் காட்டித்தான் சொன்னாள்: "இது கரீட்டா குந்திச்சுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். குந்தலன்னா, அந்தச் சட்டைய மாட்டிகினு கம்பெனிக்குக் கெளம்பு."

"செரிமே," என்றார் நைனா.

அச்சு கட்டிலுக்கடியில் இருந்தது. மத்தியானங்களில் நான் உள்ளே புகுந்து, சிமெண்டுத் தரையில் அதை விரித்து, அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே தலையை வைத்துப் படுத்துக்கொள்வேன். கண்ணை மூடினால், பார்த்தேயிராத அந்த வீடு வரும். ஜன்னலில் மேகம் வந்து உட்கார்ந்திருக்கும், யாரோ விறகைத் தள்ளிவிடுவார்கள், நெருப்பு மெதுவாக ஏதோ பேசும், எனக்குக் குளிரும். ரோடே உருகும் மே மாதத்தில் போர்வையைத் தேடிய பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் விழித்தபோது, வேர்வையில் மேல் ஒட்டு பிரிந்து, ஒரு பாதி என் முதுகோடு வந்துவிட்டது. பானையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துப் பிசைந்து ஒட்டினேன். முன்பு ஒரு தாள்மேல் இன்னொன்று எவ்வளவு ஏறியிருந்தது என்று எனக்கென்ன தெரியும்!

மறுநாள் நைனா தகட்டை வெட்டிவிட்டார். அச்சின் ஓரத்தில் அடுப்பின் அகலத்தை அந்த அம்மாள் எண்ணாகவும் எழுதியிருந்தார். நைனா அதைப் பார்க்கவேயில்லை. கப்பல் வேலையில் அச்சு கைக்கு வந்துவிட்டால் டேப்பைத் தொடமாட்டார்கள், அது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் அம்மா ஜாக்கெட் தைப்பவள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சட்டத்தின் வாயில் பிடித்தாள்.

"இன்னாய்யா, ஒரு வெரலு ஜாஸ்தி கீது."

நைனா அளந்தார். மறுபடி அளந்தார். குறைந்திருந்தால் அரத்தால் ராவிச் சரிசெய்யலாம், அகலமாகப் போனதை என்ன செய்வது? சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கண் ஆணிக்குப் போனது. நான் பேசாமல் இருந்தால் பழி அவர் கைக்குத்தான் போகும்.

"நான்தாம்மா, அச்சு மேல படுத்தேன், பிரிஞ்சிச்சு, சோறு வெச்சு ஒட்டிட்டேன்," என்று அழுதேன்.

"அதும்மேல இன்னாத்துக்குடா படுத்தே?"

"குளிருச்சும்மா."

அம்மா என்னை அடிக்கவில்லை. அச்சை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். பிறகு காய்ந்த சோற்றை நகத்தால் சுரண்டியபடி, "இன்னொரு தகடு கீதில்ல? எடுய்யா. அளவு நான் சொல்றேன்," என்றாள். டேப்பின் ஒரு முனை அவள் கையிலும் மறுமுனை அவர் கையிலுமாக, அன்று முழுக்க வேலை நடந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தோணி மாமா வாசலில் நின்று கத்தினார்: "மாமு! அப்டியே போயி குந்திகிச்சு! சந்துல பீடித் தாளுகூட பூராது!"

நைனா அம்மாவைப் பார்த்தார். சொன்னபடியே அவள் வாயைத் திறக்கவில்லை. காக்கிச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள், கத்தரிக்கோலை வைத்தாள், சாயங்காலத்துக்குள் எனக்குப் பள்ளிக்கூடப் பை தைத்துவிட்டாள்.

தப்பான சட்டம் எங்கள் சமையலறை ஸ்டவ்வைச் சுற்றி நின்றது. அதன் நடுவே எரிந்த நீல நெருப்பைப் பார்த்தபடிதான் நான் வளர்ந்தேன். அந்த வீடு ரோடு அகலப்படுத்தியதில் போயிற்று, சட்டத்தை உப்புக்காற்று தின்றது, நைனாவும் இல்லை. இன்று எங்கள் மீஞ்சூர் வீட்டில் சமையல் கரண்ட் அடுப்பில், நெருப்பே கண்ணில் படுவதில்லை. அந்த மலைக்கு நான் இன்னும் போனதில்லை.

ஆனால் மே மாத மத்தியானத்தில் கரண்ட் போய், என் பிள்ளைகள் புழுக்கத்தில் புரளும்போது, விசிறியும் கையுமாக இருக்கும் அம்மா என்னை மட்டும் பார்த்துக் கேட்பாள்: "இன்னாடா, குளிருதா?"