சேராத ரத்தம்

பெரியப்பாவோடு நான் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தேன். தாராவியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடைதான். தினமும் குழாயடியில் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். விழித்தும் பேசவில்லை. அவ்வளவு கோபம்.

அறுபதுகளின் நடுவில், நான் எட்டாவது படித்தபோது, தம்பி பிறந்தான். அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. உடனே இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும், சொந்தக்காரர்கள் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் அப்பா, பெரியப்பா, அவர்களோடு தோல் பட்டறையில் வேலை பார்த்த ஊர்க்காரர்கள் நாலு பேர். ஈரத்தோலை அநாயாசமாகத் தோளில் தூக்கிப் போடுகிறவர்கள். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“ரத்தத்தக் குடுத்துட்டுப் பெறவு எப்படி வேல செய்ய? ஆம்பளச் சத்தே அதுலதாம்ல இருக்கு” என்றார் பெரியப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின மாதம்தான் டீச்சர் ரத்த ஓட்டப் பாடம் நடத்தியிருந்தார். எலும்புக்குள்ளே புது ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும், போனது சீக்கிரம் வந்துவிடும் என்று கத்தினேன். பொட்டப்பிள்ளைக்கு வாயைப் பாரு என்றுதான் பதில் வந்தது. என் கையை நீட்டினேன். வயது போதாது என்று நர்ஸ் விலக்கிவிட்டாள்.

அப்பா எழுந்தார். பரிசோதனை அறைப் பக்கம் போய்ச் சற்று நேரத்தில் திரும்பினார். “என் ரத்தம் சேராதாம்.”

எனக்கா தெரியாது? டீச்சர் கரும்பலகையில் போட்ட நான்கு கட்டங்கள் கண்முன் வந்தன. ரத்தம் நாலு வகை, சேராததை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்று வராந்தாவிலேயே பெரியப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். “எங்கப்பா குடுக்கப் போனாவ. நீங்க எந்திரிக்கக்கூட இல்லையே!” அப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

நர்ஸ் வெளியே வந்து அப்பா பெயரைச் சொல்லி, டெஸ்டுக்கு இன்னும் ஆளைக் காணோமே என்று இந்தியில் அதட்டினாள். நான் முந்திக்கொண்டு, “ஹோ கயா, மேட்ச் நஹீ ஹுவா” என்றேன், டெஸ்ட் ஆகிவிட்டது, சேரவில்லை என்று. அவள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். கவனமில்லாதவள் என்று அவளையும் மனதுக்குள் திட்டினேன்.

கடைசியில் சித்திதான் வந்தாள். அம்மாவின் தங்கை, மாதுங்காவில் வீட்டுவேலை பார்த்தவள். சேதி கேட்டு ஓட்டமும் நடையுமாக வந்து, கேட்பதற்கு முன்பே கையை நீட்டினாள். அந்த ஒட்டடைக்குச்சிக் கையைப் பார்த்து டாக்டர் யோசித்தார். “எடுங்கய்யா” என்றாள். சோதித்ததில் சேர்ந்தது, ஆனால் ஒரு பாட்டில்தான் எடுத்தார்கள். இன்னொன்று கிடைக்கவே இல்லை. அதை வைத்தே அம்மா பிழைத்தாள். மறு வாரம் சித்தி வழக்கம்போல் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

வளர்ந்து வேலைக்குப் போய், ஒன்பது வருஷம் கழித்து நானே முதன்முதலாக ரத்தம் கொடுத்தேன். விரலில் குத்தி, வகை பார்க்கக் காத்திருக்க வைத்தார்கள். அங்கேதான் உறைத்தது. ஆளைக் காணோம் என்று அன்றைக்கு நர்ஸ் அதட்டியது சரிதான்; அப்பா அந்தப் பரிசோதனை அறைக்குள் போகவே இல்லை. அந்த ஆறு பேரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. படித்த பாடத்தைக் கொண்டுபோய் அப்பாவுக்குக் குடை பிடித்தேனே, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

அந்த வருஷம், ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியோடு வீட்டுக்கு வந்த அன்று அம்மா, குரல் எழும்பாமல், “ஒங்கப்பா ரத்தம் குடுக்க வந்தாவளாட்டி?” என்று கேட்டாள்.

“வந்தாவம்மா. டெஸ்ட் பண்ணிப் பாத்தாவ, சேரல” என்றேன் பெருமையாக.

அம்மா தம்பியை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். உடம்பு வலிபோல என்று நினைத்து, நான் உட்கார்ந்து அவள் காலை அமுக்கிவிட்டேன்.