கீப் என்று தொடங்கும் போர்டுகள்

பூலோகம் எழுதிய போர்டு ஒன்று ஆளைக் கொன்றுவிட்டது என்று தாராவியில் எங்கள் சந்தில் பேசிக்கொள்வார்கள். வாய் இருப்பவர்கள் பேசத்தான் செய்வார்கள். போர்டு யாரையும் கொல்லாது. ஆனால் அந்த மனுஷரும் கடைசிவரை அப்படித்தான் நம்பினார். பக்கத்துக் குடித்தனக்காரன் என்ற முறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பூலோகத்துக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். பம்பாய்க்கு வந்த புதிதில் சுவருக்கு வெள்ளையடித்தார். பிறகு போர்டு எழுதுகிற பெயிண்டர் ஆனார். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அதை அப்படியே பெரிதாக்கித் தகரத்தில் இறக்கிவிடுவார். நூல் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, மூச்சைக் கட்டிக்கொண்டு வளைவை இழுப்பார். முடிந்ததும் எதிர்ச்சாரிக்குப் போய் நின்று, "ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னாலும் தெளிவா தெரியுதுல்லாவே?" என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்பார். ஆமாம் என்று சொல்லாமல் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. தன் எழுத்தின் மேல் அப்படி ஒரு கர்வம். அந்த நாளில் எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது.

இங்கிலீஷ் தெரியாதவருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் அடையாளம் தெரிந்துபோயிற்று. கீப். எங்கே வேலைக்குப் போனாலும் அதுதான் முதலில் வந்து நின்றது. ஒவ்வொரு இடத்திலும் அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்து எங்களிடம் முறையிடுவார்.

"பார்க்குல எழுதினா, புல்லை விட்டு வெலகுன்னு அர்த்தமாம். பள்ளிக்கூடத்துல எழுதினா, பேசாம இருன்னு அர்த்தமாம். லாரி ஷெட்டுல, இடது பக்கமாவே போன்னு. ஒத்த வார்த்தை, ஒரு எடத்துல போங்குது, ஒரு எடத்துல இருங்குது. போலீஸ்காரன் வார்த்தையால்லா இருக்கு."

மாட்டுங்காவில் ஒரு மருந்துக்கடையில் ஞானதுரை என்று கம்பவுண்டர் இருந்தார். எங்கள் பக்கத்து ஆள்தான். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை என்று அங்கே மருந்து அலமாரிக்கு எழுதப் போன இடத்திலும் இந்த வார்த்தையே முன்னால் வர, பூலோகம் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"காப்பாத்தி வையி. அதுதான் இதுக்கு அடி அர்த்தம்," என்றார் ஞானதுரை. "வெலகு, மூடு, பேசாதங்கிறதெல்லாம் எடத்துக்குத் தக்கன வாரது. பக்கத்துல நிக்க வார்த்தை என்னன்னு பாத்துக்கிடணும்."

பூலோகத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்பொ இது போலீஸ்காரன் வார்த்தை இல்லவே. பெத்தவ சொல்லுத வார்த்தை," என்று சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பக்கத்தில் நிற்கும் வார்த்தையை எப்படி வாசிப்பது என்று மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

செம்பூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. எங்கள் சந்திலிருந்து பலர் அங்கே கூலி வேலைக்குப் போனார்கள். பூலோகத்தின் தங்கை மாடத்தியின் புருஷன் இசக்கியும் அங்கேதான். கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைக்கிறவன். தொழிற்சாலை போர்டுகள் எல்லாவற்றையும் எழுதியது பூலோகம். எல்லாமே கீப் என்று தொடங்கின. வாசிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்தான் யோசித்து, யாரும் கேட்காமலே நிறம் பிரித்தார். முதல் நாளே இசக்கியையும் மற்றவர்களையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"செவப்பு தொங்குச்சுன்னா தண்ணியோ தீயோ கிட்ட போவக்கூடாது. மஞ்சள்னா மூடுனது மூடுனபடி கெடக்கணும். பச்சைன்னா பயமில்ல, நல்லா கூட்டிக் கழுவலாம்."

புதிதாக வருகிறவனுக்கும் பழைய ஆள் இதைத்தான் சொல்லிக்கொடுத்தான். போர்டை யாரும் வாசிக்கவில்லை. நிறத்தைப் பார்த்து நடந்தார்கள். ஒரு குறையும் வராமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு வேங்கடசுப்ரமணியன் என்று புது மேனேஜர் வந்தார். மாட்டுங்காவாசி, நம் பாஷைக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் எதுவும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி இருக்கவேண்டும் அவருக்கு. வெளிநாட்டிலிருந்து பெரிய மனிதர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருவதாக இருந்தது. பூலோகத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கலர் கலரா மாட்டி வச்சிருக்கீரே ஓய். ஃபாக்டரியா, பொருட்காட்சியா? எல்லாத்தையும் பச்சையிலே போட்டுடும். வெள்ளை எழுத்து. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்."

"சாமி, நம்ம ஆளுகளுக்கு வாசிக்கத் தெரியாது. நெறத்தப் பாத்துத்தான் அவனுக..."

"அதான் எழுதியிருக்கே. உம்ம எழுத்து கண்ணாடி மாதிரி இருக்கு, அது போறாதா?"

அந்த ஒரு பேச்சில் மனுஷர் விழுந்துவிட்டார் என்பது என் எண்ணம். வந்து பிரஷை எடுத்தார். மஞ்சள் ஒரே பூச்சில் அடங்கியது. சிவப்பு அடங்கவில்லை. காயக் காயப் பச்சைக்கு அடியிலிருந்து கசிந்து தெரிந்தது. இரண்டாம் பூச்சு அடித்தார். அதற்கும் மசியாமல் மூன்றாவதும் அடித்து மூடினார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாடத்தி என்னிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலமே ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்து, இனி நிறத்தை நம்பாதீர்கள், யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். இசக்கி சிரித்தான்.

"எந்த ஷெட்டுல எந்த டிரம்மு கெடக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன் மச்சான். நீரு சும்மா கெடயும்."

"ஒனக்குத் தெரியும் மாப்ள. டிரம்மு நடந்து போனா என்ன செய்வ?"

"டிரம்மு எங்க நடக்கும்," என்றான் இசக்கி.

டிரம் நடந்தது. விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள், முன்பக்கத்து ஷெட் பார்வையாக இருக்கட்டும் என்று, தண்ணீர் பட்டால் எரிவாயு கிளப்புகிற கல் நிறைந்த டிரம்களைப் பின்பக்கத்து ஷெட்டுக்கு மாற்றினார்கள். போர்டையும் மறக்காமல் கூடவே கொண்டுபோய் மாட்டினார்கள். இசக்கிக்கு அன்று வேறு இடத்தில் வேலை. மறுநாள் காலையில் பின்பக்கத்து ஷெட்டைக் கழுவச் சொல்லி அவனை அனுப்பினார்கள். சூபர்வைசருக்கு டிரம் மாறிய விஷயம் தெரியாது. எப்போதும் கழுவுகிற ஷெட். வாசலில் பச்சை போர்டு. இசக்கி ரப்பர் குழாயைத் திருப்பினான். மூடி துருப்பிடித்த டிரம்களுக்குள் தண்ணீர் இறங்கியது. இடைஞ்சலாக நின்ற ஒரு டிரம்மைத் தரையோடு இழுத்திருக்கிறான். இரும்பு உரசிய பொறி போதுமாக இருந்தது.

அந்தச் சாவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. முகத்தை மாடத்திக்குக் காட்டவில்லை என்பதோடு விடுகிறேன்.

போர்டில் எழுதியிருந்ததை மீறித் தண்ணீர் விட்டது இசக்கியின் குற்றம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அப்படி முடிவானால் மாடத்திக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடையாது. அதைவிட, செத்தவன் தன் புத்திகெட்டதனத்தால் செத்தான் என்று எழுதிவைத்துவிடுவார்கள். விசாரணைக்கு சர்க்கார் அதிகாரி வருகிறார், பூலோகம் சாட்சி சொல்லவேண்டும் என்று ஆள் வந்தது.

"நா சொல்லுதேன் தாயி," என்று தங்கையிடம் சொன்னார். "செவப்பு போர்டு தொங்கியிருந்தா அவன் கொழாயத் தொட்டிருக்க மாட்டான். அந்தச் செவப்ப நாந்தான் மூடினேன், மூடச் சொன்னது இவுகன்னு அந்த ஆபீசர் மொகத்துக்கு நேரா சொல்லிருதேன்."

போகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதையே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் துணைக்குப் போயிருந்தேன். மாடத்தியையும் என்னையும் அறை வாசலிலேயே நிற்கச் சொன்னார்கள். மேஜை மேல் அந்த போர்டு கிடந்தது. ஓர் ஓரம் கருகி, சூட்டில் பச்சை கொப்பளித்து உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் அடிச்சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. வாசலிலிருந்த எனக்கே தெரிந்தது. அவருடைய சாட்சி மொத்தமும் அந்தத் தகரத்தில் கிடந்தது. விரலை நீட்டினால் போதும்.

அதிகாரி இங்கிலீஷில் கேட்டதை மேனேஜரே தமிழில் சொன்னார்.

"இது உம்ம எழுத்துதானே?"

"ஆமா சாமி."

"எழுத்து தெளிவா இருக்கான்னு கேக்கறார்."

பூலோகம் குனிந்து போர்டைப் பார்த்தார். உரிந்த இடத்தை அவர் பார்க்கவில்லை. கருகலுக்குத் தப்பிய வெள்ளை எழுத்துகளைப் பார்த்தார். ஒரு வளைவுகூடக் கெடாமல் இருந்தன. இத்தனை வருஷமாக வழியில் போகிறவரிடமெல்லாம் அவர் கேட்ட கேள்வியை, இன்று கோட்டுப் போட்ட சர்க்கார் அதிகாரி அவரிடமே கேட்டுவிட்டார். அவர் முதுகு நிமிர்ந்ததை நான் கண்டேன்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் தெளிவா தெரியும் சாமி," என்றார்.

மேனேஜர் மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பூலோகத்துக்கு நினைப்பு வந்தது. "சாமி, செவப்பு..." என்று ஆரம்பித்தார். அவ்வளவு போதும், போகலாம் என்று பியூன் தோளைத் தொட்டுவிட்டான். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் போர்டை எடுத்துச் சுவரோரம் திருப்பிச் சாத்திவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இருந்த கோபத்தில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு அறை விடலாம் போல இருந்தது. மாடத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சயான் நெருங்கும்போது, அழாமல், சாதாரணமாகத்தான் பேசினாள்.

"ஒன் எழுத்துல ஒரு கொறையும் இல்லண்ணே. எம் புருசனுக்குத்தான் வாசிக்கத் தெரியாமப் போச்சு."

பூலோகம் எழுந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். அது நாங்கள் இறங்கவேண்டிய இடமில்லை. மாடத்தி அவரைக் கூப்பிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.